நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தவள்

2016 மார்ச் 14, திங்கள். கூத்தாநல்லூர்

இன்றும் ராக்கெட் வெடித்தது. தரையை விட்டுக் கிளம்பி, கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், இடுப்பு பிடித்துக்கொண்டவள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெடித்தது. கட்டியது அவர். ஓட்டியது நான். அதனால் தப்பு என்னுடையது.

இமோ காலில் கூப்பிட்டார். "உன் கை சரியில்ல நஜ்மா. மெதுவா திருப்புன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"அடியில ரெக்கை வைக்காம அனுப்பினா எப்படித் திருப்பினாலும் கவுழத்தான் செய்யும் மச்சான்."

"கட்டுறதப் பத்தி நீ பேசாத. ஓட்டு, போதும்."

கட் பண்ணிவிட்டார்.

கல்யாணமாகி நாலு வருஷம். அவர் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். இரண்டு முறை லீவில் வந்திருக்கிறார். போன லீவில்தான் இந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து, இந்த விளையாட்டையும் ஏற்றிக் கொடுத்தார். "சாப்டியா?" "சாப்டேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை நகராத எங்கள் அழைப்புகளுக்கு இது மருந்தாகும் என்று நினைத்திருப்பார். ராக்கெட்டைப் பாகம் பாகமாக நாமே கட்ட வேண்டும், நாமே ஓட்ட வேண்டும். உள்ளே ஹெல்மெட் போட்ட குட்டி மனிதர்கள். ஒருவனுக்கு ஜாஃபர் என்று தன் பெயரையே வைத்தார். ஒருத்திக்கு நஜ்மா. அவர் கட்டி மெயிலில் அனுப்புவார். நான் ஓட்டிவிட்டு, நடந்ததைச் சேமித்து, அதே ஃபைலைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

மருந்து வேலை செய்தது. இப்போது பேச விஷயம் இருக்கிறது. சண்டை.

மார்ச் 16

ரெக்கை வைத்து அனுப்பியிருக்கிறார். நான் சொன்னதால் இல்லையாம். அவருக்கே தோன்றியதாம்.

மார்ச் 27, ஞாயிறு

மத்தியானம் விளையாடிக்கொண்டிருந்தேன். வெடிச்சத்தம் கேட்டு மாமா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். என் மாமனார் அப்துல் ஜலீல் அதிகம் பேசமாட்டார். "யாருக்கும் அடி இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பேசுவதற்கு ஜன்னத் அக்கா இருக்கிறாரே. என் வீட்டுக்காரரின் அக்கா, ஜன்னத் பீவி. அக்காவின் புருஷன், எனக்கு அண்ணன் முறை, மலேசியாவில் மளிகைக்கடை வைத்திருப்பதால் அக்கா இந்த வீட்டோடேயே இருக்கிறார். நானும் அவரும் ஒரே அடுப்பங்கரை. கதவோரம் நின்று யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னார்: "வேலைக்குப் போறேன்னு குதிச்சா. போக வேணாம்னுட்டான். இப்ப ராக்கெட்டுல போறா."

பி.எஸ்சி. கணக்கு படித்தவள் நான். பள்ளிக்கூடத்தில் சேரலாம் என்று போன வருஷம் கேட்டேன். "நான் சம்பாதிக்கிறது பத்தலையா?" என்றார் இவர். பத்துமா பத்தாதா என்பதா கேள்வி? அதற்கும் ஒரு சண்டை. அதற்கும் கட்.

ஏப்ரல் 2, சனி

நிலாவுக்குப் போய்விட்டேன்!

இறங்கவில்லை. நிலாவைச் சுற்றும் பாதையில் போய் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் பள்ளம் பள்ளமாக நகர்ந்துகொண்டிருந்தது.  உள்ளே அந்தக் குட்டி நஜ்மா பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் பார்த்தேன். டேங்க் காலி. திரும்பி வர ஒரு சொட்டு இல்லை.

கூப்பிட்டுக் கேட்டேன். எடை குறையட்டும் என்று ஒரு டேங்கைக் கழற்றிவிட்டாராம். என்னிடம் சொல்லவே இல்லை.

"நீ ஒழுங்கா ஓட்டியிருந்தா அதுவே போதும். வீணாக்கிட்ட."

"போறதுக்கு மட்டும் எண்ணெய் ஊத்தி அனுப்புறவர் நீங்க ஒருத்தர்தான்."

"வாயை அடக்கு. ஃபைலை எனக்கு அனுப்பு. நானே போய்க் கூட்டிட்டு வரேன். உன்கிட்ட இருக்கிற காப்பியில கைய வைக்காத. ரெண்டு பேரும் தொட்டா குழம்பிடும்."

அனுப்பினேன். இருபது வயதுப் பெண்ணாக இருந்திருந்தால் அழுதிருப்பேன். இப்போது பல்லைக் கடிக்கத்தான் தெரிகிறது.

ஏப்ரல் 20

ஃபைல் வரவில்லை. கேட்டால் "வேலை" என்கிறார். ஒரே வார்த்தை.

மே 6, வெள்ளி

அங்கே லீவு நாள். வெள்ளிக்கிழமையானால் மணிக்கணக்கில் பேசுகிறவர் இன்று இரண்டு நிமிஷம்கூட இல்லை. புது நம்பரிலிருந்து. சுற்றி ஏகப்பட்ட பேர் பேசும் சத்தம்.

"என்னைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றேன். ராக்கெட்டைப் பற்றித்தான் கேட்டேன்.

"எந்த நேரத்துல என்ன கேக்குற நீ? உனக்கு வேற வேலையே இல்லையா?"

இல்லை. எனக்கு வேற வேலை இல்லை. வேற வேலை வேணாம்னு சொன்னது யாரு? இதை வாய்விட்டே கேட்டேன். அதற்குள் லைன் போய்விட்டது. அவராகத் துண்டித்தாரா, தானாகப் போனதா, தெரியவில்லை. அவர்தான். வேறு யார்?

மே 16

ஓட்டுப் போட்டேன். விரலில் மை. அக்காவும் நானும் ஒரே வரிசையில் நின்றோம், அந்நியர் மாதிரி.

மே 23, திங்கள்

எதற்காகக் காத்திருக்கிறேன்? என் லேப்டாப்பில் இருக்கும் காப்பியைத் திறந்தேன். அவள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தாள். அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வந்த கோபம் இருக்கிறதே!

கட்டக்கூடாது என்று ஒருத்தர் சொன்னால் கட்டத் தெரியாமலேயே இருந்துவிட வேண்டுமா? பாகங்களை எடுத்து அடுக்கினேன். மேலே கூடு, நடுவில் டேங்க், அடியில் இன்ஜின். பொத்தானை அழுத்தினேன். மேலே எழும்பவே இல்லை. நின்ற இடத்திலேயே குப்புற விழுந்தது.

பரவாயில்லை. அது நான் கட்டியது.

ஜூன் 7, செவ்வாய்

முதல் நோன்பு. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். மூன்று ராக்கெட். ஒன்று பிட்டுக்கொண்டது. ஒன்று தலைகீழாகத் திரும்பி ஊரை நோக்கி வந்தது. மூன்றாவது மேலே போய்ப் பூமியைச் சுற்றத் தொடங்கியது. சத்தம் போடாமல் கைதட்டினேன்.

அக்கா பார்த்துவிட்டார். "நோன்பு வச்சுக்கிட்டு ஓதாம இது என்ன கூத்து? ஹராம் இல்லையா இது?"

"கறிவேப்பிலை உருவி, கஞ்சிக்கு அரிசி ஊறவச்சு, எல்லாம் முடிச்சுட்டுத்தான் உட்கார்ந்தேன் அக்கா."

"வேலையப் பத்தி நான் கேக்கல."

"வேற எதைப் பத்திக் கேக்குறீங்க?"

இவர் கடைசியாகக் கூப்பிட்ட நம்பருக்கு அக்காவிடமிருந்து போன் போயிருக்கிறது.

ஜூன் 8

நினைத்தபடியே கூப்பிட்டார். "லேப்டாப்பை மூடி அக்காகிட்ட குடு."

"முடியாது."

"என்ன சொன்ன?"

"முடியாதுன்னு சொன்னேன். நீங்க என்னை நிலாவுல விட்டுட்டுப் போயிட்டீங்க. நானே இறங்கி வந்துக்கறேன்."

 அப்புறம் அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்களாம். அதனால்தான் நேரமே இல்லையாம். அக்கா தெருவுக்கே கேட்கிற மாதிரி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்குச் சொல்லவில்லை. அக்காவுக்குச் சொல்கிறார்.

சூப்பர்வைசர் ஆகிவிட்டவர் வீட்டுச் செலவுக்கு அனுப்புவதை மட்டும் ஏன் நிறுத்தினார்? மாமா பழைய ஜவுளிக்கடை வாடகையை வைத்துச் சமாளிக்கிறார். யாரும் கேட்பதில்லை.

ஜூன் 26, ஞாயிறு

விண்வெளியில் ஒன்றைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு இது புரிந்தது.

என் கப்பல் நிலாப் பாதை வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள். அவளைப் பிடிக்க நான் இன்ஜினை முடுக்கினால் என் பாதை பெரிதாகி, இன்னும் பின்தங்கிப் போகிறேன். பிரேக் போட வேண்டும். வேகத்தைக் குறைத்தால் கீழே இறங்குவேன். கீழே வட்டம் சின்னது, அங்கே ஓட்டம் அதிகம். அவளுக்கு அடியில் புகுந்து முன்னேறிவிட்டு, சரியான இடத்தில் மேலே ஏற வேண்டும். காலேஜில் நீள்வட்டம் படித்தபோது இதை ஒருவரும் சொல்லவில்லை. சமன்பாட்டை எழுதினோம், மார்க் வாங்கினோம், அவ்வளவுதான்.

நோன்புக் கஞ்சி இன்று அடி பிடித்துவிட்டது. என் தப்புதான். அக்கா ஒரு வாரத்துக்கு வைத்துச் சொல்வார்.

ஜூலை 7. பெருநாள்

வீடு முழுக்க ஆட்கள். அவர் கூப்பிட்டார், மறுபடியும் வேறு நம்பர். "பெருநாள் முபாரக்" என்றார். தொண்டை கரகரத்தது.

"புதுச் சட்டை போட்டீங்களா மச்சான்?"

"ம்."

"போட்டோ அனுப்புங்க."

"எதுக்கு?"

"பொண்டாட்டி கேட்டா 'எதுக்கு'ன்னு கேக்குற ஆள் உலகத்துல..."

கட்.

பிரியாணி நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் என் தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

ஜூலை 11, திங்கள்

சிரிப்பதா அழுவதா? மறுபடி நிலா வரைக்கும் போனேன். அடியில் புகுந்து, மேலே ஏறி, அவள் கூட்டுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிறுத்தினேன். நானே கட்டியது, நானே ஓட்டியது. திரும்பி வர எண்ணெயும் இருக்கிறது.

இருக்கை ஒன்றுதான் இருக்கிறது. அதில் ஜாஃபர் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே என்று அவரைத்தான் ஏற்றி அனுப்பியிருந்தேன். அவளை எங்கே உட்கார வைப்பது?

அவரை இறக்கிவிட்டு அவளை ஏற்றலாமா என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தேன். அப்புறம் அவரையே திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் குட்டி ஜாஃபர் பாராசூட்டில் கடலில் இறங்கும்போதும் சிரிக்கிறான். வெட்கமே இல்லை.

ஜூலை 18, திங்கள்

முடிந்தது.

இந்த முறை ஜாஃபரை அனுப்பவில்லை. ஆளில்லாமலே ஓட்ட ஒரு கருவி இருக்கிறது. காலி இருக்கையோடு போனேன். பக்கத்தில் நிறுத்தி, நஜ்மாவை வெளியே வரச் சொன்னேன். முதுகுப் பையிலிருந்து புஸ் புஸ் என்று காற்றை விட்டுக்கொண்டு, கருப்பில் மிதந்து வந்து, என் கப்பலில் வைத்திருந்த ஏணியைப் பிடித்தாள். உள்ளே போனாள். இன்ஜினை எரித்தேன். வந்தேன். பாராசூட் விரிந்தது. புல்தரையில் டக்கென்று இறங்கினாள்.

எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வாசலில் வெயில். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, பிள்ளைகள் அதற்குள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் சொல்வது? அப்படி ஒரு ஆளும் இல்லை.

அவருக்கு மெயில் எழுதினேன். படத்தையும் சேர்த்து அனுப்பினேன். எழுதியதை இங்கே மறுபடி எழுத வேண்டாம். நீங்கள் விட்டுவிட்டுப் போனவள் வந்து சேர்ந்துவிட்டாள், இனி எதற்கும் நீங்கள் தேவையில்லை என்ற அர்த்தத்தில் ஒன்று. அதைவிட மோசமாக.

ஜூலை 30

பதில் இல்லை. நல்லது.

ஆகஸ்ட் 4, வியாழன்

பொதக்குடி மீரா உசேன் வந்திருந்தார். இவரோடு ஒரே கம்பெனி, ஒரே அறை. ஊருக்கு வந்து இரண்டு நாள் ஆகிறதாம். மாமாவைப் பார்த்து சலாம் சொல்லிவிட்டுப் போக வந்தவர். ஆள் பாதியாகியிருந்தார். டீ கொண்டுபோனேன்.

மாமா கேட்டார்: "ஜாஃபர் சொகமா? சூப்பர்வைசர் வேலை எப்படிப் போகுது?"

மீரா உசேன் டம்ளரைக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் மாமா."

கம்பெனி மார்ச்சிலேயே படுத்துவிட்டது. முதலாளி ஆளையே காணோம். கேட்டைப் பூட்டிவிட்டார்கள். ஆட்கள் கேம்ப்பில் கிடக்கிறார்கள். இக்காமா முடிந்துவிட்டது, அந்தச் சீட்டு இல்லாமல் தெருவில் நடந்தால் போலீஸ் பிடிக்கும். பாஸ்போர்ட் முதலாளி கையில். பகலில் கரண்ட் கிடையாது. சாப்பாடு, யாராவது பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. மீரா உசேனின் பாஸ்போர்ட் மட்டும் எப்படியோ அவரிடமே இருந்ததால், நாட்டை விட்டுக் கிளம்ப எக்ஸிட் கிடைத்திருக்கிறது.

"அவரு போன்?" என்று கதவோரத்திலிருந்து கேட்டேன்.

"வித்துட்டோம் தங்கச்சி, எல்லாரும். உசுரோட இருக்கணும்ல? லேப்டாப்பைத்தான் அவரு கடைசி வரைக்கும் குடுக்க மாட்டேன்னாரு. ஏப்ரல்ல அதுவும் போச்சு. உங்ககிட்ட பேசினதெல்லாம் யார் யார் போனுலயோதான்."

ஜன்னத் அக்கா அடுப்பங்கரையில் எதையோ கீழே போட்டார்.

நான் மொட்டை மாடிக்குப் போனேன். பாவம் என்று தோன்ற வேண்டும், இல்லையா? தோன்றவில்லை. பொய்யன். பொய்யன். அஞ்சு மாசமா பொய். எனக்குப் பொய், அக்காவுக்குப் பொய். என்கிட்ட சொன்னா என்ன? நான் என்ன பண்ணிடுவேன்? திட்டுவேன். அதுக்கு பயந்து பட்டினி கிடப்பாங்களா ஒருத்தர்?

அந்த மெயிலை அவர் படித்திருப்பாரா?

ஆகஸ்ட் 7, ஞாயிறு

நாளைக்குத் திருவாரூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். மனு கொடுக்கப் போகிறேன் என்றேன். அக்கா வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்க வீட்டு ஆம்பள சோத்துக்கு இல்லாம கிடக்கிறான்னு ஊருக்குச் சொல்லப் போறியா?"

"ஆமா."

"அவன் மானத்தை வாங்காத நஜ்மா. அவனே பாத்து வருவான்."

"அவர் பார்த்து வர்ற மாதிரி இருந்தா இத்தனை மாசத்துல வந்திருப்பாரு. இருக்கிற இடத்துலயே சுத்திக்கிட்டு இருக்கிறவருக்குத் திரும்ப எண்ணெய் கிடையாது அக்கா. யாராச்சும் போய்த்தான் கூட்டிட்டு வரணும்."

"உன் ராக்கெட்டு பேச்சை..."

"ராக்கெட் பேச்சுத்தான்."

ஆகஸ்ட் 8, திங்கள்

காலையில் கிளம்பி வாசலுக்கு வந்தால், மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, குடையோடு நிற்கிறார்.  பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் கொடுத்தார்.

கலெக்டர் ஆபீசில் தண்ணீர் கேட்டு வந்த விவசாயிகள் கூட்டம். மேட்டூரைத் திறக்கவில்லை, குறுவை போயிற்று, சம்பாவும் போகும் என்று ஒருவர் காய்ந்த நாற்றுக்கட்டைத் தூக்கிக் காட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது அந்த அதிகாரி களைத்துப் போயிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் புகார் குடுத்திருக்காராம்மா?"

"அவர் குடுக்க மாட்டார் சார். கௌரவம் பார்ப்பார்."

"அவர் சம்மதம் இல்லாம நாங்க எப்படி..."

"கிணத்துல விழுந்தவன்கிட்ட சம்மதம் கேட்டுட்டா சார் தூக்குவாங்க?"

மாமா குடைக்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதல் முறையாக வாயைத் திறந்தார். "என் மகன் சார். நான் அத்தா. நான் சம்மதம் தரேன்."

எழுதி வாங்கிக்கொண்டார்கள். மீரா உசேன் சொன்ன மற்றவர்களின் பெயர்களையும் கொடுத்தேன். வெளியே ஒரு நிருபர் போட்டோ கேட்டார். எங்கள் கல்யாண போட்டோவைக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 10, புதன்

பேப்பரில் வந்துவிட்டது. கீழ் மூலையில், சின்னதாக. அக்கா காலையிலிருந்து தெருப்பக்கம் போகவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. இவ்வளவு சத்தமாக அவர் கத்தி நான் கேட்டதில்லை.

"யாரு உன்னைக் கேட்டா? யாரு உன்னைக் கேட்டா நஜ்மா? கூத்தாநல்லூர் பூரா சிரிக்குது! இங்க கேம்ப்ல பசங்க போன்ல காட்டுறானுங்க, என் கல்யாண போட்டோவ!"

"சிரிக்கட்டும். பசியா இருக்கீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"நீ என் பொண்டாட்டியா, எதிரியா?"

"ரெண்டும்தான். சாப்டீங்களா?"

கத்தல் நின்றது. அப்புறம், "ரொட்டி," என்றார். "மத்தியானம்."

யாரோ போனைத் திருப்பிக் கேட்டார்கள். லைன் போனது.

செப்டம்பர் 16, வெள்ளி

காவிரிக்காக பந்த். கடை இல்லை, பஸ் இல்லை. திருவாரூர் கலெக்டர் ஆபீசிலிருந்து போன்: ஊருக்கு அனுப்புகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்துவிட்டது, தூதரகத்தில் தற்காலிக பாஸ்போர்ட் தருகிறார்களாம். மாமா இரண்டு ரக்அத் தொழுதார். அக்கா என்னைப் பார்க்காமல் எனக்கு ஒரு டம்ளர் டீ வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 28, புதன்

திருச்சி ஏர்போர்ட். ஒரே ஒரு பை. கன்னம் ஒட்டி, தாடிக்குள் வெள்ளை. மாமாவைக் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, "பேப்பர்காரங்க யாரும் வரலையா?" என்றார்.

முதல் வார்த்தை அதுதான்.

"சொல்லியிருந்தா வந்திருப்பாங்க," என்றேன்.

காரில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். தஞ்சாவூர் தாண்டி, நீடாமங்கலம் வந்தோம். மேட்டூர் திறந்து ஒரு வாரம் ஆகிறது, தண்ணீர் இந்தப் பக்கம் இன்னும் எட்டவில்லை. விதைக்காத வயலாகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 5

என்னோடு பேச மாட்டேன் என்கிறார். அக்காவோடு பேசுகிறார். மாமாவோடு பேசுகிறார். வாசலில் போகிற கீரைக்காரியோடு பேசுகிறார். நான் தட்டை வைத்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். ஊரார் விசாரிக்க வந்தால் மாடிக்குப் போய்விடுகிறார்.

நானும் பேசவில்லை. பார்க்கலாம் யார் முதலில் என்று.

அக்டோபர் 15, சனி

கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திரையில் என் கப்பல். கட்டுமான அறையில் அதை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏணி எதுக்கு?" என்றார், திரும்பாமல்.

"எது?"

"இந்த ஏணி. மிதந்து வர்றவளுக்கு ஏணி எதுக்கு? வீண் எடை."

"வந்து சேர்ந்தா புடிச்சுக்க ஏதாவது வேணாமா?"

"கதவுகிட்ட நேரா வந்தா போதும்."

"நேரா வர முடியலன்னா? வழுக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டா? நீங்க எப்பவும் எல்லாம் சரியா நடக்கும்னு வச்சே கட்டுவீங்க. அதனாலதான் டேங்க்ல எண்ணெய் இருக்காது."

இந்த முறை திரும்பினார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். அப்படி ஒரு முகம்.

"உன் மெயிலைப் படிச்சேன்," என்றார். "ஒருத்தன் போன்ல. ரெண்டு வாட்டி."

"நல்லது."

"அந்தப் படத்தையும் பார்த்தேன்." விசைப்பலகையை விரலால் தடவினார். "கேம்ப்ல பகல்ல கரண்ட் கிடையாது. சும்மா படுத்துக் கிடப்போம். கண்ண மூடினா நீ அங்க சுத்திக்கிட்டே இருப்ப. என் லேப்டாப்ப விக்கிறப்ப வாங்கினவன்கிட்ட கேட்டேன், ஒரு நாள் குடுறா, ஒருத்தி மாட்டிக்கிட்டு இருக்கா, இறக்கிட்டுத் தரேன்னு. லூசுன்னு நினைச்சான்."

"இத ஏன் போன்ல சொல்லல?"

"சொன்னா திட்டுவ."

"திட்டத்தான் செய்வேன். திட்டினா செத்தா போயிடுவீங்க?"

"அந்த மெயில்ல நான் தேவையில்லன்னு எழுதியிருந்த."

"ஆமா எழுதினேன்! கோபத்துல எழுதினேன். இப்பவும் கோபமாத்தான் இருக்கேன். தேவையில்லாத ஆளுக்காகவா குடையோட வந்த ஒரு கிழவரோட கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னேன்?"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. கூடத்தில் பேச்சு நின்றது.

அவர் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஏணியைக் கிளிக் செய்தார். கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் கீழே இறக்கி, கதவுக்கு நேராக வைத்தார்.

"இங்க இருந்தா கை எட்டும்," என்றார்.

அது சரிதான். ஒப்புக்கொள்ளவில்லை.

நவம்பர் 4, வெள்ளி

நான் கட்டியதை அவர் ஓட்டினார். நிலாவில் குத்தி நொறுக்கினார். "கை சரியில்ல," என்றேன். இத்தனை மாசமாகக் காத்திருந்த வாக்கியம். அவர் மவுசைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "இன்னொண்ணு கட்டு," என்றார்.

நவம்பர் 20, ஞாயிறு

மீன் ஆய்ந்துகொண்டிருந்தோம், நானும் அக்காவும். உள்ளே நாங்கள் காலையில் போட்ட சண்டையைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று தயாராக இருந்தேன்.

"நானும் உங்க அண்ணனும் சண்டையே போட்டதில்ல நஜ்மா," என்றார், மீனைப் பார்த்துக்கொண்டே. "இத்தனை வருஷத்துல ஒண்ணு கூட இல்ல. மாசம் ஒரு போன். சொகமா, சொகம். என்னத்துக்கு சண்டை போடறதுன்னுகூட எங்களுக்குத் தெரியல."

 செதிலைக் கழுவி ஊற்றினேன். அப்புறம் அவரே, "புளி ஜாஸ்தி ஊத்தாத, போன வாட்டி மாதிரி," என்றார். பழைய அக்காதான்.

டிசம்பர் 11

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் பேறுகால லீவில் போகிறார். ஜனவரியிலிருந்து அந்த இடம் எனக்கு. யாரையும் கேட்கவில்லை, போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்து சொன்னேன்.

"என்னைக் கேக்கலையே?" என்றார்.

"கம்பெனி மூடினப்ப நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

சாப்பிடாமல் எழுந்து போனார். மாமா அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எத்தனை மணிக்குப் போகணும்மா?" என்று மட்டும் கேட்டார்.

2017 ஜனவரி 8, ஞாயிறு

மஸ்கட்டிலிருந்து விசா. தஞ்சாவூர் ஏஜெண்டு போன் பண்ணினார். நல்ல கம்பெனியாம், பெரிய ஹோட்டலாம், இரண்டு வருஷம். வருகிற வாரமே மெடிக்கல். போனைக் காதில் வைத்துக்கொண்டு இவர் முகம் மாறியதைப் பார்த்தேன். இந்த மூன்று மாதத்தில் தெருவில் நாலு ஃபிரிட்ஜும் ஒரு பள்ளிவாசல் ஏசியும்தான் வேலை. கை சும்மா இருப்பது அவரைத் தின்கிறது, எனக்கும் தெரியும்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார் போனில்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வருமென்று நான் நினைத்ததே இல்லை. போனை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். கேட்கவில்லை. நின்றார்.

"நானும் வரலாமா?"

"மெக்கானிக்குக்கு ஃபேமிலி விசா எங்க குடுப்பாங்க?"

"அப்ப வேணாம்."

"நஜ்மா, இங்க என்ன வேலை இருக்கு எனக்கு?"

"தெரியாது. தேடுங்க. மன்னார்குடியில தேடுங்க, தஞ்சாவூர்ல தேடுங்க. போனுக்குள்ள இருக்கிற புருஷன் எனக்கு வேணாம். போறதுன்னா போங்க, ஆனா நான் திரும்பக் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நிக்க மாட்டேன்."

"சுயநலம்."

"ஆமா."

அப்போதே ஏஜெண்டைக் கூப்பிட்டார். "இல்லண்ணே. வேற ஆளுக்குக் குடுங்க." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார், கத்தியால் குத்துகிற மாதிரி.

ஜனவரி 10, செவ்வாய்

பேசவில்லை.

ஜனவரி 15, ஞாயிறு

இன்னும் பேசவில்லை. பொங்கல் லீவு, எனக்கும் பள்ளிக்கூடம் இல்லை. மன்னார்குடியில் ஒரு கடைக்காரர் சர்வீசுக்கு ஆள் கேட்டாராம், நாளைக்குப் போகிறாராம். இதை மாமாவிடம் சொன்னார், நான் பக்கத்திலேயே நிற்கும்போது, எனக்குக் கேட்கக்கூடாது என்பது போல மெதுவாக.

மத்தியானம் இறால் குழம்பு வைத்தேன். கூப்பிடவில்லை. கொதி வந்ததும் அறைக்கதவு திறந்தது. தானே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஊற்றினேன். போதும் என்று கையைக் காட்டினார். நான் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

"உப்பு கம்மி," என்றார் சுவரைப் பார்த்து.

உப்பை எடுத்து அவர் தட்டோரம் வைத்தேன்.